விவாதம்: உயர்தரத்தில் இசட் புள்ளி யாருக்கு நியாயம்?

நியமவிலகல்:
இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையின் வெறும் புள்ளியை அல்ல, இசட் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள்: ஒருவரின் புள்ளி அந்தப் பாடத்தின் இடையிலிருந்து (சராசரியிலிருந்து) எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்ற கணக்கு. எந்தப் பாடமானாலும் 70 என்றால் 70தானே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பாடத்தில் நாடளாவிய இடை 40, நியம விலகல் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) 20 என்றால் அந்த 70க்கு (70−40)÷20 = 1.5. இடை 60, விலகல் 10 என்றால் 1.0தான். மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரித்து, நாலு தசமதானத்தில் தருகிறார்கள். 2001இல் இது வருமுன் வெறும் கூட்டுப்புள்ளி. லேசான வினாத்தாள் வந்த பாடக்காரருக்குக் கொண்டாட்டம். இதைவிட நியாயமான முறை இருந்தால் சொல்லுங்கள்.

வன்னிப்பக்கம்:
சூத்திரம் சரி, அதன் எடுகோள் பிழை. இரண்டு பாடத்துக்கும் தோற்றும் கூட்டம் ஒரே தரம் என்று எடுத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பௌதிகவியலுக்குக் கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் வருகிறார்கள், விவசாய விஞ்ஞானத்துக்கு அப்படி இல்லை. கெட்டிக்காரர் கூடினால் இடை ஏறும், உங்கள் இசட் இறங்கும். வினாத்தாள் லேசா, எழுதியவர்கள் கெட்டியா என்று சூத்திரத்துக்கு எப்படித் தெரியும்?

நியமவிலகல்:
மருத்துவத்துக்கு அது பொருந்தாது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று எல்லாருக்கும் அதே மூன்று. இடை எங்கே இருந்தாலும் வரிசை மாறாது. விவசாய விஞ்ஞானம் எடுத்தவரும் பௌதிகவியல் எடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்கும் கற்கைநெறிகளுக்கு வேண்டுமானால் உங்கள் வாதம் செல்லும்.

கொப்பியும்பேனையும்:
இடை மாற்றாது, விலகல் மாற்றும். அதை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். விலகல் 20 உள்ள பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் இறுதி இசட் 0.0167 ஏறும். விலகல் 12 என்றால் 0.0278. அதாவது புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் பாடத்துக்கு, யாரும் தீர்மானிக்காமலே, பாரம் கூடிவிடுகிறது. அந்தப் பாடத்தில் கட்டுரை திருத்துபவர் ஒரு புள்ளி விட்டால் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த இசட்டுக்கு, பக்கத்தில் நிற்பவர் கவிழ்ந்துவிடுவார். உச்சவரம்பும் இருக்கிறது. இடை 60, விலகல் 15 என்றால் 100 எடுத்தாலும் 2.67க்கு மேல் போக முடியாது. இடை 30, விலகல் 20 என்றால் 3.5 வரை போகலாம்.

வன்னிப்பக்கம்:
2011ஐ மறந்துவிடாதீர்கள். பழைய பாடத்திட்டத்தில் மீளத் தோற்றியவர்கள் ஒரு தொகுதி, புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை எழுதியவர்கள் இன்னொரு தொகுதி. வினாத்தாளே வேறு. இரண்டையும் சேர்த்து இடையும் விலகலும் எடுத்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, தனித்தனித் தொகுதியாகக் கணிக்கச் சொன்னது. சூத்திரம் ஒன்றுதான். யாரை யாரோடு சேர்ப்பது என்பதில்தான் அநியாயம் நுழைகிறது.

மலையோரம்:
தசமதானத்துக்குச் சண்டை பிடிக்கிறீர்கள், பிடியுங்கள். மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் இசட்டை மட்டும் பார்த்து நாடளாவிய ரீதியில் கொடுப்பது 40 வீதம். 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அதில் இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த இடத்தை யார் எடுப்பது? விஞ்ஞானம், கணிதம் இரண்டும் உள்ள 1ஏபி பாடசாலை பட்டணத்தில். தோட்டப் பக்கத்தில் பல பாடசாலைகள் உயர்தரமே இல்லாதவை, இருந்தாலும் 1சி, கலையும் வர்த்தகமும் மட்டும். பரீட்சை மண்டபத்துக்குள் நியாயம் இருந்து என்ன?

நியமவிலகல்:
அது பாடசாலைப் பிரச்சினை, பரீட்சையில் பழி போடாதீர்கள். நிருவாகம் புள்ளியில் கைவைத்தால் என்ன ஆகும் என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, 400க்குத் தமிழ் மாணவருக்கு 250, சிங்கள மாணவருக்கு 229. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே சூத்திரம் என்பதில் நான் விடாப்பிடி.

மலையோரம்:
புள்ளியில் கைவைக்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்குப் பதில் கல்வி வலயம் என்று அலகை மாற்றலாம்.

கொப்பியும்பேனையும்:
வலயங்கள் ஏறக்குறைய நூறு. 200 இடமுள்ள கற்கைநெறியில் 55 வீதம் 110. வலயத்துக்கு ஒன்று. ஒரு வலயத்தில் முதலாவதாக வருவதற்கு வீட்டு முகவரியை மாற்றத் தொடங்கிவிடுவார்கள்.

மலையோரம்:
அப்ப 55ஐத் தொடவேண்டாம். அந்த 5 வீதத்தை மட்டும் மாவட்டத்திலிருந்து எடுத்து வலயத்துக்குக் கொடுங்கள். 200க்கு 10 இடம். 1ஏபி பாடசாலை ஆகக் குறைந்த 10 வலயங்கள். எந்தப் பத்து என்று பாடசாலைத் தொகைமதிப்பைப் பார்த்தே எழுதிவிடலாம்.