நட்சத்திரம் பார்த்து பிராமன் காளை வாங்கலாமா?

குமரன்_ராக்ஹாம்ப்டன்:
குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டன் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஏலத்தில் முதலாளி பிராமன் (Brahman) என்ற திமில் உள்ள கறிமாட்டு இனத்தில் ஒரு பொலிகாளை எடுக்கப் போகிறார். வால்முடியைப் பிடுங்கி அனுப்பி வாங்கிய மரபணுச் சீட்டும் காளையோடு வருகிறது. கறியின் மென்மைக்கு மூன்று மார்க்கர், அதாவது டிஎன்ஏவில் பார்க்கும் அடையாளப் புள்ளிகள், போட்டிருக்கிறார்கள். கால்பைன் மரபணுவில் இரண்டு, கால்பாஸ்டாட்டினில் ஒன்று. ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று இரண்டு பிரதி; நல்ல பிரதிக்கு ஒரு நட்சத்திரம். கால்பைன் 316-இல் நல்ல பிரதி இல்லை, கால்பைன் 4751-இல் ஒன்று, கால்பாஸ்டாட்டினில் இரண்டு. ஆறுக்கு மூன்று நட்சத்திரம். பக்கத்துக் காளைக்கு ஒரே நட்சத்திரம், ஆனால் விலை 3,000 டாலர் குறைவாகப் போகும் என்கிறார்கள். "நீ படித்தவன்தானே, சொல்லு" என்கிறார் முதலாளி. என்ன சொல்ல?

கறிக்கடை_காதர்:
தம்பி, அந்த 3,000 டாலரை அவர் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பிரிஸ்பேனில் 20 வருஷமாகக் கறி வெட்டுகிறேன். ஒரே பண்ணை, ஒரே காளைக்குப் பிறந்தவை. ஒரு வாரம் கத்தி வைத்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும், மறுவாரம் செருப்புத் தோல். ஒரு வாரத்தில் ஜீனா மாறிவிட்டது? மாடு லாரியில் எவ்வளவு நேரம் மிரண்டுகொண்டு நின்றது, அறுத்தபின் எப்படித் தொங்கவிட்டார்கள், எத்தனை நாள் குளிரறையில் பதப்பட விட்டார்கள் என்று பாருங்கள். குதிகால் நரம்பில் கொக்கி போட்டால் முதுகும் சப்பையும் சுருங்கி விறைத்துக்கொள்ளும். இடுப்பெலும்பில் போட்டால் தசை இழுபட்டே இருக்கும். கொக்கியின் இடத்தை மாற்றினால் போதும், இதற்கு எந்தச் சீட்டும் வேண்டாம்.

வினோதினி:
காதர் பாய், குளிரறையில் பதப்படுவதைச் செய்வதே இந்த மரபணுக்கள்தானே? கால்பைன் என்ற நொதி தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. கால்பாஸ்டாட்டின் அதன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. பிராமன் தசையில் அந்தத் தடுப்பு அதிகம். அதனால்தான் திமில் இல்லாத ஆங்கஸ் இனக் கறி இளகும் வேகத்தில் இது இளகுவதில்லை. ஆஸ்திரேலியாவில் எம்எஸ்ஏ (Meat Standards Australia) என்ற கறித் தரம் போடுகிறவர்கள் திமில் உயரத்தை அளப்பது வேறு எதற்கு?

இன்னொன்று. கொழுப்பை உயிரோடு இருக்கும் காளையிலேயே ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம். மென்மையை அப்படிப் பார்க்க முடியாது, வெட்டி வேகவைத்து, கருவியில் அறுத்துத்தான் அளக்க வேண்டும். வெட்டின காளையை வைத்து எந்தப் பசுவைச் சினையாக்குவது? மார்க்கர் உதவுவது அந்த இடத்தில்தான்.

மூணாம்_பெஞ்சு:
மார்க்கர் என்பது பெரும்பாலும் தெருமுனை டீக்கடை. தானாக எதுவும் செய்யாது, பக்கத்தில் இருக்கும் வேலை செய்கிற மரபணுவுக்கு அடையாளம் மட்டும். எங்கள் ஊரில் டீக்கடைக்கு அடுத்த வீடு டாக்டர் வீடு என்றால், பக்கத்து ஊரிலும் டீக்கடைக்கு அடுத்து டாக்டர் இருப்பாரா? கறிக்குள் ஓடும் கொழுப்பு வரிகளுக்கென்று தைரோகுளோபுலின் மரபணுவில் மார்க்கர் ஒன்று வந்தது. நெடுநாள் தீவனம் போட்டு வளர்த்த ஆஸ்திரேலிய மாடுகளில் பலன் தெரிந்தது. பிறகு மற்ற மந்தைகளில் பார்த்தார்கள், சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் இல்லை. அதற்குள் சோதனை விற்பனைக்கே வந்துவிட்டது.

316-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நல்ல பிரதி பிராமனில் அபூர்வம். குமரனின் காளைக்கு அங்கே பூஜ்யம் என்றால் அது பிராமன் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதைத் திமிலே சொல்லிவிடும். ஆறுக்கு மூன்று என்பதே தப்பான கணக்கு, நாலுக்கு மூன்று என்று போட்டிருக்க வேண்டும்.

வினோதினி:
கணக்கு சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் 316 வெறும் டீக்கடை இல்லை. அது கால்பைன் புரதத்திலேயே ஓர் அமினோ அமிலத்தை மாற்றுகிறது. பிராமனுக்கு அது உதவாது என்று தெரிந்ததால்தான் 2005-இல் 4751 வந்தது. அது டீக்கடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திமில் உள்ள மாட்டிலும் இல்லாத மாட்டிலும் அதே வீட்டைத்தான் காட்டுகிறது.

மூணாம்_பெஞ்சு:
காட்டட்டும். மாட்டுக்கு மாடு மென்மையில் உள்ள வித்தியாசத்தில் இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவை விளக்கும்?

வினோதினி:
கொஞ்சம்தான். அதனால்தான் இப்போது மூன்றை வைத்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. 50,000 மார்க்கரை ஒரே நேரத்தில் படிக்கும் சோதனைச் சிப்பில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்து, கன்றுகளுக்கு எவ்வளவு கடத்தும் என்று சொல்லும் ஒரே இனப்பெருக்க மதிப்பாகத் தருகிறார்கள். அந்த முறையை 2001-லேயே எழுதிவிட்டார்கள்.

மூணாம்_பெஞ்சு:
2009-இல் வெளிவந்த மாட்டு மரபணுத் தொகுதி யாருடையது? டாமினெட் என்ற பசுவுடையது, அது ஹெரிஃபோர்டு என்ற ஐரோப்பிய இனம். முதலில் வந்த சிப்பில் இருந்த மார்க்கர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களைப் பார்த்துப் பொறுக்கியவை. பிராமனுக்கு அந்தக் கணிப்பு வேலை செய்ய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பிராமன்களை வெட்டி அளந்து வைத்திருக்க வேண்டும். வெட்டாமல் சொல்லத்தான் மார்க்கர் என்றீர்கள்!

வினோதினி:
யாராவது ஒருமுறை வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு பிறக்கும் கன்றுகளை வெட்ட வேண்டாம். இதில் என்ன முரண்பாடு?

கறிக்கடை_காதர்:
சண்டை போடுங்கள், எனக்கு டீ வந்துவிட்டது. நடுவில் ஒரு விஷயம். பிராமன் என்பது நம் ஊர் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் வழி வந்த மாடு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்றுதான் ஆஸ்திரேலியாவின் வடக்கே கொண்டுபோனார்கள், ஸ்டேக் நன்றாக வரும் என்று இல்லை.

அப்புறம் தம்பி, காளையைக் கூண்டில் ஏற்றி, கதவைத் திறந்தால் எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். தலைதெறிக்க ஓடுகிறதா, நடந்து போகிறதா? பாய்கிற மாட்டின் வம்சம் கறியிலும் முரடு.

வினோதினி:
பாய் கேலியாகச் சொல்லவில்லை குமரன். வெளியேறும் நேரத்தைக் கருவி வைத்தே அளக்கிறார்கள். நிதானமாக வெளியேறும் மாடுகளின் கறி மென்மையாக இருப்பது பிராமன் மந்தைகளில் தெரிந்திருக்கிறது, அதில் மரபுப் பங்கும் உண்டு. இதை எனக்கு முன்னால் பாய் சொன்னதுதான் வருத்தம்.

மூணாம்_பெஞ்சு:
அதற்குச் செலவும் இல்லை. குமரன், சீட்டில் இல்லாத இன்னொன்றையும் கேளுங்கள். அந்த மூன்று நட்சத்திரக் காளையின் தாய் வருஷா வருஷம் கன்று போட்டதா? பால் கொடுக்கும்போது பிராமன் பசு லேசில் சினை பிடிக்காது. கன்றே பிறக்காவிட்டால் எந்தக் கறி மென்மையாகி என்ன?

குமரன்_ராக்ஹாம்ப்டன்:
கேட்டேன். ஒரு கன்று போட்டபின் 2 வருஷம் சும்மா இருந்ததாம். ஒரு நட்சத்திரக் காளையின் தாய் ஏழாவது ஈத்தாம். கூண்டு விஷயம் நாளைக் காலை பார்க்கிறேன்.

கறிக்கடை_காதர்:
பக்கத்தில் நிற்காதீர்கள் தம்பி.