புகையிலைத் தொழில் சொற்கள் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வடபழனியில் ஒரு ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துப் புகையிலை பற்றிய படம். பச்சை இலையைக் குச்சிகளில் கட்டிச் சூளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, குழாய்ச் சூட்டில் உலர்த்துகிறார்கள். புகை இலையில் படுவதே இல்லை. முதலில் சுமார் 35 டிகிரியில் இலை மஞ்சளாகும். கடைசியில் 70 வரை ஏற்றினால்தான் நடு நரம்பு காயும். இந்தக் கட்டங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வெல்லத் தண்ணீர் தெளித்து அடுக்கி வைக்கும் நம்மூர் வாய்ப்புகையிலைக்கு 'பாடம் போடுதல்' (பதப்படுத்துவது), 'சிப்பம்' (இலைக்கட்டு) எல்லாம் தெரியும். அதையே இதற்கும் போட்டால் திண்டுக்கல்காரர்கள் சிரிப்பார்கள். அகராதித் தமிழ் வேண்டாம், களத்தில் புழங்கும் சொல்தான் வேண்டும். அப்புறம், காய்ந்த இலை நொறுங்காமலிருக்க மறுபடி ஈரம் ஏற்றுவார்களே, அதற்கு என்ன பெயர்? வேடசந்தூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு.