சமையல்கட்டைப் பின்னால் நீட்டுகிறோம், அத்தையின் கோழிக்கூண்டை எங்கே வைப்பது?

முருங்கைமரத்தடி (குடியாத்தம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய கதை, பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

எங்கள் மனை 20க்கு 60. முன்பக்கம் தளம் போட்ட வீடு, சமையல்கட்டு மட்டும் மாமனார் காலத்து ஓடு. மழை வந்தால் அடுப்பு மேலேயே ஒழுகும். இப்போது ஓட்டைப் பிரித்துவிட்டு, பின்பக்கம் 8 அடி நீட்டி, தளம் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நாத்தனார் குடும்பம், சித்தப்பா வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள், அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். வரும் திங்கட்கிழமை சுவரை இடிக்க ஆள் வருகிறது.

பின்னால் காலி இடம் மொத்தமே 14 அடிதான். நீட்டப் போகிற அந்த 8 அடியில்தான் முருங்கை மரமும் அதன் அடியில் கோழிக்கூண்டும் இருக்கின்றன. கோழிகள் என் மாமியாருடையவை. 9 பெட்டை, 2 சேவல், எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி. ஒரு சேவல் அம்மனுக்கு நேர்ந்து விட்டது, அதை விற்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் கூண்டைத் திறந்து நொய்யும் கம்பும் இறைப்பதுதான் அவருக்கு முதல் வேலை.

என் கணவர் கூண்டை மாடிக்கு ஏற்றிவிடலாம் என்கிறார். அத்தையிடம் கேட்டதற்கு "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொன்று, ஜல்லியும் எம்-சாண்டும் வந்து இறங்கியதிலிருந்து முட்டையே இல்லை. தினமும் நான்கு ஐந்து எடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது ஒன்று கிடைத்தால் பெரிது. அப்புறம், செவலைக் கோழி ஒன்று பழைய விறகடுப்புக்குக் கீழே மண்சட்டியில் அடை படுத்திருக்கிறது. 11 முட்டை, இன்று 9ஆம் நாள். மூன்றாவது படிக்கும் என் மகள் நேற்று ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்து, ஒன்பதில் சிவப்பு நரம்பு ஓடுகிறது என்று ஓடி வந்து சொன்னாள். இடிக்கப் போவது அந்தச் சுவரைத்தான்.

மாடியில் வைத்தால் கோழி தாங்குமா? அடைக்கோழியை என்ன செய்வது?

வாலாஜா கொத்தனார்

மாடி வேண்டாம்மா. 32 வருஷமாகக் கட்டட வேலை செய்கிறேன், வீட்டில் கோழியும் உண்டு, இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். எடை ஒரு பிரச்சினை இல்லை, 11 கோழியும் கூண்டும் சேர்ந்தாலும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வராது. பிரச்சினை வெயில். நம்ம பக்கம் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும், பகலெல்லாம் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதற்குக் காற்று குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அப்புறம் எச்சத்தைக் கழுவுகிற தண்ணீர் தட்டோட்டு இடுக்கில் இறங்கி, இரண்டு மழையில் கீழே ஓதம் காட்டும். எல்லாவற்றுக்கும் மேல், முழங்கால் வலி உள்ள அம்மா தினம் இரண்டு வேளை படி ஏறுவார்களா? ஏற மாட்டார்கள். ஆறு மாதத்தில் கோழி இருக்காது.

உங்கள் மேஸ்திரியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சமையலறையை 20 அடி அகலத்துக்கும் நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. முருங்கை இருக்கிற பக்கம் 4 அடி அகலத்துக்கு விட்டுவிட்டு மீதியில் கட்டினால் மேடை, சிங்க், பிரிட்ஜ் எல்லாம் தாராளமாக அடங்கும். விட்ட 4 அடியில் 10 அடி நீளத்துக்குக் கூண்டு போட்டால் 40 சதுர அடி. ராத்திரி அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்று வைத்தாலும் 22 போதும், மீதி குஞ்சுக்கு ஆகும். நீளம் கிழக்கு மேற்காக வந்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. மரத்தை வெட்டாதீர்கள், அந்த நிழலை நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் முருங்கைக் கிளை காற்றுக்கு முறியும், அதனால் கூண்டுக்கு மேல் வருவதை மட்டும் கழித்துவிடுங்கள்.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் அரை அங்குல வெல்டு மெஷ். மெல்லிசுக் கோழிவலை வாங்காதீர்கள், நாய் பல்லுக்கு நிற்காது. கீரி மண்ணைத் தோண்டி வரும், அதனால் சுவருக்கு அடியில் ஒரு அடி ஆழம் கருங்கல் சில்லு போட்டு இறுக்குங்கள். மேலே தகரம் போட்டால் அதன் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். பழைய கூரையில் கல்நார் ஷீட் ஏதாவது இருந்தால் அதை உடைத்துக் கோழிக்குப் பயன்படுத்த வேண்டாம், அந்தத் தூசி மனிதனுக்கும் ஆகாது.

முக்கியமாக, முதலில் கூண்டு, அப்புறம் சமையலறை. கூண்டு மூன்று நாள் வேலை. கோழி அங்கே பழகிய பிறகு சுவரில் கை வைக்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் அக்கா

அண்ணன் சொன்னதில் கூண்டு முதலில் என்பதுதான் எனக்கும் தோன்றியது. நாங்கள் அப்படிச் செய்யாமல் பட்டிருக்கிறோம். போன வருஷம் தரை ஓடு மாற்றினோம், கோழிகளைச் சும்மா விட்டுவிட்டோம். சுவர் நனைக்க வைத்த டிரம்மில் இரண்டு குஞ்சு விழுந்து செத்தது. வாஷ்பேசின் கட்டி வந்த தெர்மோகோலை மூலையில் போட்டிருந்தார்கள், கோழிகள் அரிசி மாதிரி கொத்தித் தின்றன, பாதி அட்டையைக் காணோம். என் கருப்புப் பெட்டை ஒன்று கட்டுக்கம்பித் துண்டை முழுங்கிவிட்டு நான்கு நாள் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு நின்று நின்றே போய்விட்டது. அறுத்துப் பார்த்தபோது இரண்டு அங்குலக் கம்பி அரைவைப்பையில் குத்திக்கொண்டிருந்தது. பளபளவென்று எது கிடந்தாலும் கோழி கொத்தும்மா. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆணி, கம்பி, வலை வெட்டிய துணுக்கு எல்லாவற்றையும் ஒரு காந்தத்தை வைத்துப் பொறுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கும் நாளில் கூண்டைத் தள்ளி வையுங்கள், அந்த நெடி அதுகளுக்குத் தாங்காது.

முட்டைக்குக் கவலைப்படாதீர்கள். பயந்தால் நிறுத்தும், எனக்கு மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. இடையில் இறகு உதிர்த்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். முட்டை இல்லையென்று தீனியைக் குறைக்காதீர்கள்.

அடைக்கோழியை ராத்திரியில்தான் மாற்ற வேண்டும். நன்றாக இருட்டிய பிறகு, புது இடத்தில் ஒரு கூடையில் வைக்கோல் போட்டுக் குழித்து, முதலில் முட்டைகளை வைத்து, அப்புறம் கோழியை இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து முட்டை மேல் மெதுவாக இறக்கி, மேலே கொடாப்பைக் கவிழ்த்து சாக்கு போட்டு மூடிவிடுங்கள். காலையில் இருட்டாகவே இருக்கட்டும். தீனிக்கும் தண்ணீருக்கும் ஒரு முறை மட்டும் திறந்து விட்டு, அது பழைய அடுப்புக்கு ஓடாமல் பக்கத்தில் நில்லுங்கள். 18ஆம் நாளுக்கு மேல் பாப்பாவை முட்டையைத் தொட விடாதீர்கள்.

உங்கள் அத்தை விஷயம். எங்கள் மாமியாரும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொன்னார். அதற்கு அர்த்தம் சம்மதம் இல்லைம்மா. வீட்டில் எல்லாவற்றையும் நாம் எடுத்துக்கொண்ட பிறகு அவர்கள் கையில் மிச்சம் இருந்தது அந்தக் கூண்டின் தாழ்ப்பாள் மட்டும்தான், அதையும் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? எங்கே வைக்கலாம் என்று கேட்காதீர்கள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், நீங்களே இடத்தைக் காட்டுங்கள் அத்தை, மேஸ்திரியிடம் அதையே சொல்கிறேன் என்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

பாலாற்றுத் தம்பி (ராணிப்பேட்டை)

அக்கா, கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எல்லாரும் கூண்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் நோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இடம் மாற்றம், சத்தம், வெயில் மூன்றும் சேரும்போதுதான் வெள்ளைக்கழிச்சல் உள்ளே வரும். வந்தால் ஒரு வாரத்தில் பாதிக் கூண்டு காலி, அதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். இதை ராணிக்கெட் நோய் என்பதால் நம் ஊர்க்காரர்கள் பலர் ராணிப்பேட்டையில் பிறந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராணிக்கெட் உத்தராகண்ட் மலை ஊர். நம் ராணிப்பேட்டையில் இருப்பது 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், தடுப்பூசி தயாரிக்கிற இடம்.

பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் முகாமில் போட்டீர்களா? போடவில்லை என்றால் பக்கத்து மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள். 8 வாரம் தாண்டியதற்கு இறக்கையில் ஊசி, புதிதாகப் பொரிக்கும் குஞ்சுக்கு முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. ஊசி போட்ட அன்றே கோழியை இடம் மாற்றாதீர்கள், சக்தி பிடிக்க இரண்டு வாரம் கொடுங்கள். அடையில் இருப்பதை இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம்.

கூண்டுத் தரைக்கு உமியோ மல்லாட்டைத் தொட்டியோ (வேர்க்கடலை ஓடு) மூன்று நான்கு அங்குலம் பரப்பி வாரம் இரண்டு தடவை கிளறுங்கள். மல்லாட்டைத் தொட்டி நம் பக்கம் மலிவு, ஆனால் பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது, கோழிக்கு மூச்சுக்குழலில் இறங்கும். பிண்ணாக்கும் அப்படித்தான், பூசணம் கண்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். காய்ந்திருக்கும் வரை நாற்றம் வராது, சமையலறை பக்கத்தில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஜன்னலுக்கு நேர் எதிரில் மட்டும் வைக்காதீர்கள்.

முருங்கைமரத்தடி (குடியாத்தம்)

அண்ணனுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாளாக எழுத நேரம் இல்லை.

அக்கா சொன்னபடியே அத்தையைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, குனிய முடியாததால் நின்றபடியே மாவை விட்டு, முருங்கையை ஒட்டி நீளமாக ஒரு கட்டம் போட்டார். ஒரு பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டு, "கதவு இங்க வரணும், படியில உக்காந்துக்குனே நொய் எறிவேன்" என்றார். அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன அளவுதான் வந்தது. என் கணவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மாடிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். வேறு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஆனால் திங்கட்கிழமை ஆளை வைத்துக் கூண்டுக்குச் சுவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, இடிக்கிற வேலையைப் பதினைந்து நாள் தள்ளி வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சிரசுக்குள் தளம் காய்ந்துவிடும், பூச்சு மட்டும் பாக்கி நிற்கலாம் என்கிறார், நிற்கட்டும். அதனால் அடைக்கோழியை இப்போதைக்கு நகர்த்தவே வேண்டியதில்லை, குஞ்சு பொரிந்த பிறகு தாயோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தை சொல்கிறார். அதுவே சரி என்று படுகிறது. அடுப்புப் பக்கம் யாரும் போகாமல் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டோம்.

ஊசி போடவில்லை தம்பி, முகாம் நடந்தபோது நாங்கள் ஊரில் இல்லை. நாளைக் காலை மருந்தகத்துக்கு எட்டுப் பெட்டையையும் இரண்டு சேவலையும் கூடையில் கொண்டுபோகிறோம். கூண்டு காய்வதற்கும் ஊசிக்குப் பிறகான இரண்டு வாரத்துக்கும் கணக்கு சரியாக வருகிறது.

அண்ணா, ஒன்று மட்டும். வெல்டு மெஷ் வெட்டும்போது விழும் துணுக்குகளுக்காகக் கீழே தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாமா, இல்லை வெளியே தெருவில் வைத்து வெட்டி எடுத்து வருவது நல்லதா?

வாலாஜா கொத்தனார்

வெளியே வெட்டுங்கம்மா, தார்ப்பாயும் விரியுங்கள். கடையிலேயே அளவு சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள், 10 அடிக்கு இரண்டு, 4 அடிக்கு இரண்டு என்று எழுதிக்கொண்டு போங்கள். கதவுக்குத் தனியாக ஒரு துண்டு, அம்மா உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லுங்கள்.