படம் அனுப்பி உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நம் குழுவின் புகைப்படப் போட்டிக்கு இதுவரை வந்தவை ஏழே படங்கள். அதில் மூன்று நான் எடுத்தவை. நடத்துகிறவனே பரிசுக்கு நிற்க முடியாது, ஆக நான்குதான்!

தலைப்பு 'தேக்காவில் ஒரு காலை', அதாவது நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வட்டாரத்துக் காலைக் காட்சிகள். மரினா பே கட்டடங்கள் வேண்டாம், அவற்றைச் சுற்றுலா வந்தவர்கள் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். கேம்பல் லேனில் மாலை கட்டுகிறவரின் விரல்களில் ஒட்டிய ஈர நார், பஃபலோ சாலையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கும் பாட்டி, இந்த மாதிரி.

கைப்பேசியில் எடுத்ததே போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், பெரிதாக அச்சிட்டால் மங்கலாகத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முகம் தெளிவாகத் தெரிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னோர் உதவி. "நமக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்று ஒதுங்குகிற அம்மா, அத்தை போன்களில்தான் நல்ல படங்கள் கிடக்கின்றன. கேட்டு வாங்கி, அவர்கள் பெயரிலேயே அனுப்பிவிடுங்கள். ஞாயிறு இரவு பத்து மணி வரை வாங்கிக்கொள்கிறேன்.