செல்சியைப் பார்த்துப் பாடும் அந்தக் கோஷம் வெறும் கிண்டல்தானா?

கேள்வி:
லண்டன் கால்பந்து அணியான செல்சி ஆடும்போது எதிரணி ரசிகர்கள் அவர்களைக் காசுக்கு ஆண்களோடு போகிற பையன்கள் என்று பாடுகிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இப்போது அதே பாட்டுதான், கேட்டால் "சும்மா கலாய்க்கிறோம்" என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. எல்லை எங்கே?

பதில் 1:
இங்கிலாந்தின் அரசு வழக்குத் துறை 2022 ஜனவரியிலேயே இதை வெறுப்புக் குற்றமாகக் கருதுவதாகச் சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய ஆகஸ்டில், செல்சியிலிருந்து நார்விச் அணிக்குக் கடனாகப் போயிருந்த வீரர் பில்லி கில்மரைப் பார்த்து லிவர்பூல் ரசிகர்கள் சிலர் இதைப் பாடியபோது, கண்டித்தவர் லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் யூர்கன் கிளாப்தான். 2023-ல் ரசிகர்கள் இதைப் பாடியதற்காக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு அபராதமும் விழுந்தது.

பதில் 2:
இதற்கெல்லாம் புண்பட்டால் கேலரியில் என்னதான் பாடுவது? எதிரணியைக் கடுப்பேற்றுவதுதானே பாதி சுகம்.

பதில் 3:
தாராளமாகக் கடுப்பேற்றுங்கள். பெனால்டியை வீணடித்தவர், கோப்பையே இல்லாத வருஷங்கள், கொட்டிய பணம் என்று பாட எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டில் அடி விழுவது செல்சிக்கு இல்லை, உங்கள் பக்கத்து இருக்கையில் உங்கள் ஜெர்சியையே போட்டு உட்கார்ந்திருக்கும் தன்பாலீர்ப்பாளருக்கு. கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1990-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கப்புறம் இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆண் அப்படிச் சொல்ல 2022 ஆகிவிட்டது, பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், அப்போது 17 வயது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு ஆடியிருப்பார்கள்? கேள்வி கேட்டவருக்கு: உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம், அட்மினிடம் இன்றைக்கே பேசுங்கள்.