நியூத்திரன் நட்சத்திர வெடிப்பு, ஃபிசிக்ஸ் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் உதவுங்கோ
வணக்கம், நான் திருகோணமலை, ஏ.எல். ஃபிசிக்ஸ் கிளாஸ் எடுக்கிறனான். நேற்றிரவு உப்புவெளி கடற்கரையில பெடியளுக்கு தனுசு ராசிப் பக்கம் கையைக் காட்டி, அங்க ஒரு நியூத்திரன் நட்சத்திரம் (பெரிய நட்சத்திரம் ஒண்டு செத்தாப் பிறகு மிஞ்சுற, படு அடர்த்தியான உருண்டை) துணை நட்சத்திரத்திட்ட இருந்து வாயுவை இழுத்து மேல சேர்க்கும், சேர்ந்த படை சில மீற்றர் தடிச்சதும் அடியில சூடேறி ஹீலியம் ஒரேயடியா பத்தி எக்ஸ்ரேயா வெடிக்கும், பத்து இருபது செக்கனில அடங்கும், சில மணித்தியாலத்தில திரும்பவும் அதே கதை எண்டு சொன்னன். 1975லதான் இதைக் கண்டுபிடிச்சவை.

உடன ஒருத்தி, "சேர், சோத்துப்பானை மூடி ஆடுற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா சூட்டை ஏன் விடுதில்ல?" எண்டாள். மெல்லிய படை விரிஞ்சாலும் அமுக்கம் குறையாது, அதால சூடும் தணியாது எண்டு இழுத்தன், எனக்கே வாய் குழறிட்டுது.

இன்னொண்டு. வாயு விழேக்க ஒரு புரோத்தனுக்கு 200 மெகா இலத்திரன்வோல்ற்று (அணு மட்டத்தில சக்தியை அளக்கிற அலகு) அளவில சக்தி வருது, எரிஞ்சு வாறது 5 அளவுதான், பிறகும் வெடிப்புத்தானே பளிச்செண்டு தெரியுது? மணித்தியாலக் கணக்கா சேர்த்ததை ஒரே மூச்சில செலவழிக்கிறதாலதானே, சரியோ?

ஆராவது தமிழில ஒரு பக்கத்துக்குள்ள படம் கீறி அனுப்ப ஏலுமோ? சனிக்கிழமை கிளாஸ், அவள் விடமாட்டாள்.