ஜோடிகள் மோதும் ரியாலிட்டி ஷோவில் ஒரு கொலை: படித்த அனுபவம்

நானும் என் கணவரும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்த த்ரில்லர் இது. அவர் ஒரு அத்தியாயம் முந்திவிட்டால் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், எதையும் மறைக்கத் தெரியாத மனிதர்.

ஆறு ஜோடிகள், தனித்தீவு, ஜெயித்தால் பெரிய தொகை, நடுவில் ஒருவர் காணாமல் போகிறார். புயல், வராத படகு எல்லாம் உண்டு. பழைய சரக்குதான், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் ஆள் காணாமல் போகும் விதம் அருமை. ‘தி அமேசிங் ரேஸ்’ பார்த்தவர்களுக்கு ‘ரோட்பிளாக்’ தெரியும். 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் இரண்டிரண்டு பேராக ஓடுவார்கள். ரோட்பிளாக் வந்தால் இருவரில் ஒருவர்தான் இறங்க வேண்டும். கையில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். யார் என்று முடிவு செய்த பிறகுதான் என்ன வேலை என்பதே தெரியும். நாவலிலும் அதே போல ஒரு கட்டம். ‘யாருக்குப் பொறுமை அதிகம்?’ என்று சீட்டில் இருக்கிறது. மனைவி சிரித்துக்கொண்டே, “நீயே போ, எனக்கு ஏது பொறுமை” என்கிறாள். போனவன் திரும்பவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமா? மீதிக் கதை முழுக்க இந்தக் கேள்விதான்.

அப்புறம் அந்த வாக்குமூல அறை. ‘பிக் பிரதர்’ 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு அதுதான் உயிர்நாடி. தனியாக உட்கார்ந்து கேமராவிடம் மனதைக் கொட்டுவார்கள். நாவலில் அந்த மனைவி அங்கே, “அவன் என்னை ஏமாத்துவான்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லை” என்று சொல்கிறாள். ஒளிபரப்பில் வருவது “அவன் என்னை ஏமாத்துவான்” மட்டும். உடனே முகம் மறைந்து கடல் காட்சி வந்துவிடுகிறது. கொலை நடந்த அத்தியாயத்தை விட இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நிஜத்திலும் பேச்சை இப்படி வெட்டி ஒட்டுவது உண்டு. வாய் தெரியாத காட்சியில் குரல் மட்டும் கேட்டால் நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

என் கணவர் முதலிலிருந்தே மனைவி மேல்தான் சந்தேகம் என்றார். எனக்கு எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவர் மேல் ஒரு கண். யார் சொன்னது சரி என்று சொன்னால் படிக்கப் போகிறவர்கள் அடிக்க வருவீர்கள்.

குறை என்றால் கடைசி அத்தியாயம். மாட்டிக்கொண்ட ஆள் நின்று நிதானமாக, எப்படிச் செய்தேன், ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார். சுற்றிலும் இத்தனை கேமரா இருக்கும்போது வெட்டாத பதிவைப் போட்டுக் காட்டினாலே போதாதா? “அந்த வாக்குமூலத்தையும் எடிட் பண்ணியிருக்கலாம்” என்றார் என் கணவர்.